தொண்ணூற்றிரண்டு கிலோ ஆசாமி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீயே பார்த்து நலமாக இருந்துகொள்.

எங்கள் திருமண நாளுக்கு வாங்கிவந்து, உன் கைபேசியோடு இணைத்துவிட்டுப் போனாயே, அந்த எடை மெஷினைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் ஏறி நிற்பதெல்லாம் உனக்கும் தெரிகிறது என்று நான் என்ன கனவா கண்டேன்? மகள் வீட்டுக்குக் கிளம்புமுன், பெட்டி எத்தனை கிலோ என்று பார்க்க, அதைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறினேன். உன் கைபேசியில் தொண்ணூற்றிரண்டு கிலோ என்று விழுந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? நேராக உன் அத்தானுக்குப் போன் போட்டாய். "அத்தான், நீங்க வேலையில இருக்கீங்க. அப்போ வீட்டுல தொண்ணூத்திரெண்டு கிலோவுல யாரு?" மனுஷன் அச்சகத்தில் ஓடுகிற மெஷினை அப்படியே நிறுத்திவிட்டு, மை அப்பிய கையோடு ஓடிவந்து, கட்டிலுக்கடியில் குனிந்தார், அலமாரியைத் திறந்தார், குளியலறைக் கதவைத் தட்டி "யாருடா உள்ள?" என்று அதட்டினார். உள்ளே வாளிதான் இருந்தது.

"என்னங்க தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல... குடை."

வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில்! பிடித்து உலுக்கியதும் உன் பெயரைக் கக்கினார். பெட்டியைத் தூக்கி அவர் முன்னால் வைத்து, "இவருதான் அந்த ஆளு, பேசிக்கோங்க" என்றேன். சிரிப்பு வரவில்லை தம்பி. கூடப் பிறந்தவனுக்கே என்மேல் இப்படி ஒரு நினைப்பா? மெஷின் சொன்னால் வேதவாக்கா?

சும்மா விடுவேனா? மெஷினின் இணைய இணைப்பைத் துண்டித்தேன். குடியிருப்புப் பெண்களை மாடிப்படியில் கூட்டி, "வீட்டுல எது எது யார்கிட்ட கோள் சொல்லுதுன்னு முதல்ல பாருங்க" என்றேன். மேல்மாடி டீச்சரின் வாசல் கேமரா, காலி செய்துபோன பழைய குடித்தனக்காரர் கைபேசியில் இன்னமும் ஓடுகிறதாம்! போன் செய்து கேட்டால், "டீச்சர், உங்க புதுச் செருப்பு ரொம்ப நல்லாருக்கு" என்கிறார். அன்றைக்கே எல்லார் வீட்டுக் கடவுச்சொல்லையும் மாற்ற வைத்தேன். அடுத்த தெருவிலும் கூப்பிட்டிருக்கிறார்கள். போகத்தான் போகிறேன்.

இனி என் எடை தெரியவேண்டுமென்றால் நேரில் வந்து கேள். பொய்தான் சொல்வேன், அது என் உரிமை.

நீயும் உன் குடும்பமும் எவன் கண்ணிலும் படாமல் நீடூழி வாழ்க.

அக்கா

பி.கு.: சந்தேகப்பட்டதற்குத் தண்டனையாக, இருக்கும் இடத்தைக் காட்டும் செயலியை உன் அத்தான் கைபேசியில் போட்டு என்னுடையதோடு இணைத்திருக்கிறேன். இந்த நிமிஷம் டீக்கடையில் நிற்கிறார். எவ்வளவு நிம்மதி தெரியுமா! எப்படி இணைப்பது என்று உன் பெண்டாட்டிக்கும் விவரமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.