ஒரே அச்சில் வார்த்த மணிகள்

எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாட்டில், நூறு வாசல் வைத்த மருத்துவமனை ஒன்று இருந்தது. காய்ச்சலுக்கு ஒரு வாசல், இருமலுக்கு ஒன்று, பிரசவத்துக்கு ஒன்று. ஆள் நுழைந்தால் அந்தந்த வாசலின் மணி அடிக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஒலி. வீதியில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறவன்கூட, தலையைத் திருப்பாமலே யாருக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவான்.

ஐந்தாம் வாசல் மணி 'டொங்' என்று கனமாக அடிக்கும். ரத்தத்தில் ஒளிந்திருக்கும் நோய்க்கான வாசல் அது. தினமும் மருந்து சாப்பிட்டால் அந்த நோய் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். ஆனால் 'டொங்' கேட்டால் தெருவே விலகி நடக்கும்.

கர்ப்பிணியான இளவேனிக்கு அந்த நோய் இருப்பதைப் பிரசவ வாசலில்தான் கண்டுபிடித்தாள் மருத்துவச்சி குந்தவி.

"மருந்தை விடாம சாப்பிட்டா உனக்கும் ஒண்ணும் இல்ல, புள்ளைக்கும் அநேகமா வராது. சாப்பிடலைன்னா நான் பொறுப்பில்லடி."

"இங்கேயே குடுத்துடுங்களேன்க்கா."

"ஐந்தாம் வாசல் மருந்து இங்க வந்தா என் தலை போயிடும்!"

இளவேனி ஐந்தாம் வாசல் வரை போனாள். மணியைப் பார்த்தாள். திரும்பிவிட்டாள்.

அந்த வாசலுக்கு மருந்து அனுப்பிப் படியளந்தவள் கடல்கடந்த தேசத்து ராணி. ஒருநாள் காலையில் அவள் மனம் மாறியது. கப்பல் நின்றது. வாசலில் பூட்டு தொங்கியது.

அரசவை கூடியது. அமைச்சர் பெருஞ்சொல்லர் எழுந்தார்.

"மன்னா! இனி நம் கஜானாவே மருந்து வாங்கும். நூறு வாசலும் ஒழிக! ஒரே வாசல், ஒரே வரிசை, எல்லா மருந்தும் உள்ளே!"

ஊர் கைதட்டியது. இளவேனி அழுதேவிட்டாள்.

"ஆனால்," என்றார் பெருஞ்சொல்லர், "நம் மரபு என்னாவது? நோயாளிகள் தத்தம் நோய்க்குரிய மணியைக் கழுத்தில் அணிந்து, வீட்டிலிருந்தே ஒலித்தபடி வரவேண்டும். மணி இல்லையேல் மருந்து இல்லை."

முன்பு வாசலில் ஒருமுறை அடித்தது, இனி வழிநெடுக அடிக்கும். புதிய மணிகளை வார்க்கும் பணி, தகுதியின் அடிப்படையில், அமைச்சரின் மைத்துனருக்கே கிடைத்தது.

விடிந்தது. வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது. மூடிய பெட்டியில் வந்திருந்த மணியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கழுத்தில் மாட்டினாள் இளவேனி. தெருவில் இறங்கினாள்.

'டிங்.'

திடுக்கிட்டாள். 'டொங்' அல்ல. எதிர்வீட்டு இருமல்காரர் வந்தார். 'டிங்.' சர்க்கரை நோய்க்காரி வந்தாள். 'டிங்.' நூறு அச்சு செய்தால் லாபம் ஏது? மைத்துனர் ஒரே அச்சில் எல்லா மணியையும் வார்த்திருந்தார்!

சந்து சந்தாக ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். பனியைக் கிழித்துக்கொண்டு அந்த ஒரே ஒலி எழுந்தது. மலையில் மோதித் திரும்பியது. கோபுரத்துப் புறாக்கள் மொத்தமாய் வானேறின. யார் எந்த நோய்? தெய்வத்துக்கே வெளிச்சம். ஊரே ஒரு பெரிய மணியாகி அதிர்ந்தது. அதன் நடுவே இளவேனி வாய்பிளந்து நின்றாள். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"ஏம்மா, கொலு பொம்மை மாதிரி நிக்கிற? வரிசை நகருது பாரு!" என்றார் இருமல்காரர்.

நகர்ந்தாள். குந்தவி ஒரே கையால் சத்து லேகியத்தையும் அந்த மருந்தையும் நீட்டினாள்.

பெண் குழந்தை பிறந்தது. குந்தவி பலமுறை சோதித்தாள். கடைசிச் சோதனையன்று சிரித்தாள்.

"உன் மகளுக்கு ஒண்ணுமில்லடி!"

மணி தொட்டிலில் ஏறியது.

பிறகு பெருஞ்சொல்லர் வீரர்களோடு வந்தார், நோய்க்கொரு ஒலியாகத் திருத்திய மணிகளைக் கொடுத்துப் பழையவற்றைப் பறிமுதல் செய்ய. ஊரில் பழைய மணிகள் மாட்டுக் கழுத்திலும் ஆட்டுக் கழுத்திலும் தொங்கின.

"மாட்டுக்கெல்லாம் என்ன நோய்?" என்று கர்ஜித்தார்.

"உங்க மணியைக் கேட்டாத்தான் பால் சுரக்குதுங்க சாமி!"

இளவேனியின் வீட்டுக்கு வந்ததும் வீரர்களை அடுத்த தெருவுக்கு அனுப்பினார். கதவைச் சாத்தினார். வியர்த்திருந்தது. ஐந்தாம் வாசல் பூட்டப்பட்ட நாளிலிருந்து அவர் மெலிந்துகொண்டே வருவதை ஊர் பேசிக்கொண்டது அவள் நினைவுக்கு வந்தது.

தொட்டிலைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"தாயி, அந்தப் பழைய மணியை எனக்குத் தர்றியா?"

இளவேனி மகளைப் பார்த்தாள். மணியை அவிழ்த்து அவர் கையில் வைத்தாள்.

"வெள்ளனே வந்துடுங்க ஐயா. வரிசை நீளமா இருக்கும்."