எழுபது கிலோ கணவர்

ஜெயமதியின் முதுகில் உப்பு மூட்டை ஏறியிருந்த ஜினேந்திரன், கால் தரையில் படாமல் மடக்கிக்கொண்டு, மேலே போகக் காத்திருந்தார். மேலே போகவில்லை.

"எறங்குங்க," என்றாள் ஜெயமதி. "முடியல."

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் பெண்களுக்கான எடை தூக்கும் போட்டி. எடையைத் தோளில் சுமந்தபடி உட்கார்ந்து எழ வேண்டும். ஒரே ஒரு தடவையில் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்று அளந்து வைத்துக்கொண்டுதான் போட்டியாளர்கள் முதல் எடையைச் சொல்வார்கள். சொன்ன பிறகு குறைக்க முடியாது. திண்டிவனத்தில் தான் போகும் ஜிம்மில் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள் என்று ஜெயமதி சொல்லியிருந்தாள். ஆகவே வீட்டிலேயே எடை தெரிந்த ஏதாவது ஒன்று தேவைப்பட்டது.

"நீங்க எழுபதுதானே?" என்று கேட்டாள்.

"எழுபதேதான்," என்று சொல்லிவிட்டார் ஜினேந்திரன்.

கல்யாணத்தன்று அது உண்மை. பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை என்று இருவருமாக மேல்சித்தாமூர் ஜைனக் கோயிலில் விரதம் எடுத்திருந்தார்கள். ஜெயமதி அதைக் காப்பாற்றினாள். ஜினேந்திரன் ஹார்டுவேர் கடையை மூடிவிட்டு வரும் வழியில், ஒரு மெஸ்ஸில் நெய் ரோஸ்ட்டிடம் தினமும் தோற்றுக்கொண்டிருந்தார். ராத்திரி பட்டினி கிடந்தும் இப்படிப் பெருத்துப் போகிறாரே, வாயு உடம்பு போலிருக்கிறது என்று சொந்தக்காரர்கள் பரிதாபப்பட்டார்கள். அவரும் மறுக்கவில்லை.

"பாக்கெட்டுல சாவிக்கொத்து இருக்குது, அதான்," என்றார் இப்போது. சாவி, செல்போன், பர்ஸ், பெல்ட் எல்லாம் மேஜைக்குப் போயின. மறுபடி ஏறினார். ஜெயமதி முக்கினாள், முனகினாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பலமெல்லாம் போச்சுங்க. பேரை வாபஸ் வாங்கிக்கிறேன்."

அவருக்குச் சுருக்கென்றது. முதுகு வலி என்று ஜிம்முக்குப் போனவள் அவள். முதன்முதலாக எடை தூக்கிவிட்டு வந்த அன்று முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவர் மறக்கவில்லை. பஜார் முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டவரும் அவர்தான். கேவலம் தோசைக்காக அந்த வெளிச்சத்தை அணைப்பதா?

மறுநாள் காலை, வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் சித்தப்பா ஜினதாஸிடம் ஓடினார். எழுபது கிலோ என்று வீட்டில் சொல்லிக்கொள்ள வசதியாக, ஐம்பது கிலோவில் ஒரு மல்லாட்டை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்.

"ஆளை வச்சி அளக்கறது சரியில்ல ஜெயா. மனுஷன் மூச்சு வுடறான், வெயிட்டு ஏறி எறங்குது. இது சுத்தமான எழுபது."

ஜெயமதி மூட்டையைத் தோளில் வாங்கினாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். கேட்காமலே இன்னும் நாலு தடவை உட்கார்ந்து எழுந்தாள்.

"பாத்தியா?" என்றார் ஜினேந்திரன். உச்சி குளிர்ந்துவிட்டது அவருக்கு.

"எழுபதே இப்பிடின்னா, நூத்தி முப்பது வரும்போலருக்கே," என்றாள் ஜெயமதி. "ஜல்தியா கவிதா கிட்ட சொல்லிடறேன். அதையே மொத வெயிட்டா குடுத்துடட்டும்."

கவிதா அவளுடைய பயிற்சியாளர். ஜெயமதி போனை எடுத்து, எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. ஜினேந்திரன் போனை நோக்கி நகர்ந்தார். நூற்று முப்பது கிலோ மேலே விழுந்தால் முதுகெலும்பு என்ன ஆவது?

"அக்கா, சொல்லுங்க," என்றது கவிதாவின் குரல்.

"கவிதா, நூத்தி..."

"வாணாம் ஜெயா," என்று போனை மறைத்தார் ஜினேந்திரன். "மூட்டை எழுபது இல்ல. அம்பது."

"அப்ப என்னால எழுபது முடியாதா?"

"முடியும். நாந்தான் எழுபது இல்ல. எண்பத்தாறு."

ஜெயமதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ராத்திரி சாப்புடாமயா?"

"நெய் ரோஸ்ட்டு," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"எத்தினி நாளா?"

"விரதம் எடுத்த மறுநாள்லேர்ந்து."

"ஒண்ணா?"

"ரெண்டு. நீ பேரை மட்டும் வாபஸ் வாங்காத ஜெயா. உனக்கு பலம் போவல. தப்பு எம்மேலதான். இனிமே அந்தத் தெருப் பக்கமே போவ மாட்டேன், சத்தியமா."

ஜெயமதி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அவர் பதறிப்போய்ப் போனிலிருந்து கையை எடுத்தார். ஸ்பீக்கரிலிருந்து கவிதாவின் குரல் மறுபடி வந்தது.

"ஒருவழியா அண்ணன் வாயைத் தொறந்துட்டாரா அக்கா? போன வாரம் நம்ம ஜிம்முல நூறு கிலோவோட எழுந்த ஆளு நீங்க, எண்பத்தாறுக்கு முக்கிக்கினு நடிக்கறதுக்குள்ள பேஜாராயிருக்குமே?"