பரணில் வியர்த்த பட்டயம்

பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை எத்தனை நாய்கள் உண்டோ, அத்தனைக்கும் சேர்த்து ஒரே மூக்கு மோப்பண்ணனுக்கு இருந்தது. கல்ஃபில் பிளாஸ்டிக் குழாய்க் கம்பெனியில் கலவை போட்டவர். சென்ட்டும் டேப் ரெக்கார்டரும் கொண்டுவரவேண்டிய மனிதர் அந்த மூக்கை மட்டும் கொண்டுவந்தார். கல்யாண வீட்டில் இலை போடும் முன்பு குனிந்து பிளாஸ்டிக் மேசைவிரிப்பை முகர்வார். "இன்னும் ரெண்டு கல்யாணம் தாங்கும்" என்பார். மாப்பிள்ளை வீட்டார் முகம் கறுக்கும்.

ஜன்மி என்ற நிலக்காரரின் மண்ணில் நாங்கள் குடியிருந்த குடிகிடப்புப் பத்து சென்ட் எங்களுக்கே என்று சர்க்கார் பட்டயம் கொடுத்தபோது, என் அண்ணன் கல்ஃபிலிருந்து அனுப்பிய பளபள பிளாஸ்டிக் கவரில் அப்பா அதைப் போட்டார். கரையான் அண்டாமலிருக்க, அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார். இரண்டுமே பெரிய புத்திசாலித்தனம் என்று நானும் நினைத்தேன்.

சில வருடம் கழித்துப் பழைய ஜன்மியின் மகன், அது தன் நிலம் என்று புகார் கொடுத்தான். மறுநாள் பட்டயத்தோடு வில்லேஜ் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். அன்று கட்டன்சாயா குடிக்க வந்த மோப்பண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மேலே என்ன வே வச்சிருக்கு? எண்ண புளிச்ச மணம்."

"கருவாடாக்கும்" என்றார் அப்பா.

"கருவாடு எனக்குத் தெரியாதா?" என்று உரல்மேல் ஏறிவிட்டார்.

அவர் இறக்கிய கவர் பிசுபிசுவென்று பட்டயத்தோடு ஒட்டிக் கிடந்தது. அப்பா பதறி இழுக்கப் போனார்.

"தொடாதயும் வே! இழுத்தா தாசில்தாருக்க ஒப்பு கவருக்குப் போவும், உமக்க வீடு ஜன்மிக்குப் போவும்! இந்தக் கவரு மெத்துன்னு இருக்கது உள்ள இருக்க எண்ணயாலயாக்கும். அது கெடாம இருக்க கம்பெனியில ஒரு மருந்து சேப்போம். காத்தும் சூடும் அடிக்க அடிய எல்லாம் அந்த மருந்து வாங்கிக்கிடும். உம்ம அடுப்பு அத சீக்கிரமே கொன்னுபோட்டு. பொறவு எண்ண புளிச்சு வெளிய வியர்க்காம என்ன செய்யும்?"

"குளுர வச்சா கவரு விறைக்கும், பொறவு உரிக்கலாம்" என்றார்.

ஊருக்கே ஒரு ஃபிரிட்ஜ்தான். அதுவும் கல்ஃப்காரர் மனைவி மேரியக்காவின் முன்னறையில், பூத்துணி போர்த்தி, பூட்டி இருந்தது.

"மீன் வைக்கவே நான் விடல்ல, பட்டயமா?" என்றாள் அக்கா.

"மீனுக்கு வீடு வேண்டாம் மக்கா, இவருக்கு வேணும்" என்றார் மோப்பண்ணன்.

பூட்டு திறந்தது.

கவர் குளிர்ந்து விறைத்ததும், மோப்பண்ணன் பிளேடால் ஓரம் கீறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நூல் நூலாக உரித்தார். முத்திரையில் பாதி கவரோடு போயிற்று. தாசில்தாரின் கையெழுத்து தப்பியது. மறுநாள் வீடும் தப்பியது.

கைம்மாறாக அவர் கேட்டது அந்தக் கவரை மட்டும்தான். "பாவம், மருந்து தீருவது வரை காவல் நின்னில்லியா?" என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

என் மகளின் சான்றிதழ்களை நான் காகித உறையில்தான் வைக்கிறேன். இருந்தும் மாதம் ஒருமுறை எடுத்து முகராமல் இருக்க முடிவதில்லை. "அப்பா மோப்பண்ணன் ஆயாச்சு" என்று அவள் சிரிக்கிறாள். எங்கே ஆக? எனக்கு எல்லாமே காகித மணம்தான். அந்த மூக்கு மறுபடி ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாயா குடிக்க வந்தால் தேவலை.