நெட்டு விசாரிக்கிறவர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. வீட்டுக்கு நெட்டு இழுக்க வேண்டும் என்று கிளம்புவார்கள். இழுக்க மாட்டார்கள். விசாரிப்பார்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் தங்கமுத்து. நல்ல மனுசர், சாமி பக்தி உள்ளவர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்; சுவரில் பெட்டி எங்கே மினுக்குகிறது என்று தேடுவார். காபியை வாங்கிக்கொண்டு பாஸ்வேர்டு கேட்பார், போனில் வேகம் காட்டுகிற முள் ஏறி இறங்குவதைக் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி கவலையோடு பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், பிறகு உங்களைக் கேட்காமலே மாடிக்கு ஏறிப் போய் அங்கேயும் பார்ப்பார். துக்க வீட்டில் விட்டாரா? மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, அழுது வீங்கிய மகனின் கையைப் பிடித்து, "அப்பா ரூமுக்குள்ள சிக்னல் எடுத்துச்சா அப்பு?" என்று கேட்டவர்.

கேபிள்காரர் தருவது, ஃபைபர் கம்பியில் வருவது, மாடியில் பெட்டி மாட்டிக் காற்றில் பிடிப்பது, சிம் போட்டுப் பையில் கொண்டு போவது என்று நாலும் அவருக்கு நாக்கு நுனியில். கம்பி என்றால், ரோட்டில் குழி தோண்டுகிறவன் அறுத்துவிட்டால் என்பார். காற்று என்றால், மழை பெய்தால் என்பார். திண்டுக்கல்லில் மழையா? அதுவும் சரிதான். ஆனால் பெய்தால்?

இதில் தவித்தது அவர் வீட்டம்மா சண்முகவள்ளி. முன்னறையில் உட்கார்ந்து கல்யாண மாலை கட்டுகிறவர். சிங்கப்பூரில் இருக்கிற ஒரு பெண் வீட்டார், வெள்ளிக்கிழமை காலை வீடியோவில் மாலையைக் காட்டுங்கள், பிடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பூவும் உங்களிடம்தான் என்று சொல்லியிருந்தார்கள். போன தடவை இன்னொரு வீட்டாருக்குக் காட்டும்போது போன் சிக்னல் நின்றுபோய், இந்த அம்மா கொட்டாவி விட்ட முகம் மட்டும் அந்தப் பக்கம் ஆணி அடித்த மாதிரி நிற்க, அவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். இந்த முறையும் போனால் முகூர்த்த மாதமே போச்சு. வெள்ளிக்குள் வீட்டில் நெட்டு இருக்க வேண்டும் என்று புருசனிடம் ஒப்படைத்தார்.

அங்கேதான் வந்தது சிக்கல். வீட்டுக்கு ஒரு பிளான், கடைக்கு ஒரு பிளானாம். இவர்களுக்கு முன்னறை பகலில் கடை, ராத்திரி படுக்கை. இடம் போதாமல் உள்கதவைத் திறந்துவைத்துக் குறுக்கே படுக்கிறவர் தங்கமுத்து. "தலை வீட்டுல கெடக்கு, காலு கடையில கெடக்கு. நான் எதுல சேத்தி?" என்று தெரு முக்கில் பிரியாணிக்கடை வைத்து, அதற்கு நெட்டும் இழுத்திருக்கும் நூர் அகமது பாயிடம் போய் நின்றார். "கடைப் பிளானுன்னா, நெட்டு நின்னா ஓடியாருவாங்கண்ணே. வீட்டுப் பிளானுன்னா நாளைக்கு வாரேம்பாங்க. அம்புட்டுத்தான்" என்றார் பாய்.

அம்புட்டோடு விடுகிறவரா? வியாழக்கிழமை தாடிக்கொம்பு பெருமாள் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தார். பெண் எடுப்பதா வேண்டாமா என்று தெரியாவிட்டால், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டி சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோமே, அதேதான். இவர் மல்லி, அரளி, செவ்வந்தி, மரிக்கொழுந்து என்று நாலு கனெக்‌ஷனுக்கு நாலு பொட்டலம் வைத்தார். குழந்தை மரிக்கொழுந்தை எடுத்தது. முடிந்ததா? மடியிலிருந்து இன்னும் இரண்டு பொட்டலம் வந்தது. ஸ்பீடு ஐம்பதா, நூறா?

பட்டர் பொறுமைசாலி. "பெருமாள் கனெக்‌ஷனைச் சொல்லிட்டார். ஸ்பீடை நீங்களே பாத்துக்கோங்கோ. பின்னாடி கூட்டம் நிக்கறது" என்றாராம்.

பெருமாள் மேல் குறையே இல்லை, அவர் சொல்லிவிட்டார். ஆனால் விசாரிக்கிறவர் ஒரு இடத்தில் மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுப்பாரா? முருகனையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வெள்ளி விடிவதற்குள் பழனி பஸ் ஏறிவிட்டார்.

சண்முகவள்ளி பார்த்தார். மாலைகளை ஈரத்துணியில் சுற்றிக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு பாய் கடைக்கே நடந்தார். "உக்காருங்கக்கா. அடுப்புப் பக்கம் மட்டும் போயிறாதீங்க, பூ வாடிப்போகும்" என்று பாய் சாப்பாட்டு மேசை ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார். வீடியோ ஒரு இடத்தில்கூட நின்றுபோகவில்லை. மாலைக்குப் பின்னால் பிரியாணி அண்டா தெரிந்ததால், விருந்தும் நீங்கள்தானா என்று சிங்கப்பூரில் கேட்டார்களாம். பாய் வேண்டாம் என்று சொல்வாரா?

சாயங்காலம் நெற்றி நிறையத் திருநீறோடு தங்கமுத்து வீடு வந்து சேர்ந்தபோது, சுவரில் புதுப் பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தது.

"எது புள்ள இழுத்த?"

"பாய் கடையில இருக்கறதுதான்."

"ஸ்பீடு எம்புட்டு? மழை பேஞ்சா நிக்குமா? வீட்டுப் பிளானா, கடைப் பிளானா?"

"படம் நிக்கல. கல்யாணப் பூ நமக்குன்னு சொல்லிட்டாக. நார் ஊறப் போடணும், தள்ளி உக்காருங்க."

தள்ளித்தான் உட்கார்ந்தார். உட்கார்ந்து, அந்தப் புது நெட்டிலேயே, இதைவிட நல்ல நெட்டு எது என்று தேட ஆரம்பித்தார். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் நின்றது. இவ்வளவு வேகமாக அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், பாய் கடையில் இருப்பது எந்தக் கம்பெனி, மாசம் எவ்வளவு என்று நான் கடைசியில் சொல்வேன் என்றுதானே இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்தீர்கள்? வாருங்கள், தங்கமுத்துவுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு ஆள் உட்கார இடம் இருக்கிறது.