‘மற்றும் பல’ குறித்து மைத்துனனுக்கு

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காள் புருஷன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் நீ தயாரித்து அனுப்பும் மூட்டுவலிச் சத்துப் பொடி எங்கள் சமையலறையில் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. உன் அக்காளோ ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். பயமாக இருக்கிறதப்பா.

முதல் குற்றம் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். முப்பத்தைந்து வருடம் அச்சகத்தில் பிழை திருத்திய கை சும்மா இருக்குமா? உன் முதல் டப்பாவின் லேபிளில் ‘இயற்க்கை’ என்றிருந்தது, வலியை ‘வேறோடு’ அறுக்கும் என்றிருந்தது, பக்கவிளைவு ‘அரவே’ இல்லை என்றிருந்தது. பதினொரு பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, இதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யார் சாப்பிடக் கூடாது என்று ஓரத்தில் கேட்டு உனக்கு அனுப்பினேன். நீ என்ன செய்தாய்? பதினொன்றையும் திருத்திப் புது லேபிள் அடித்தாய், கேள்வியை மட்டும் முழுங்கிவிட்டாய்! அலமாரியில் தூங்கிய பழைய டப்பாவைத் தொடாத உன் அக்காள், புதியதைத் தடவிப் பார்த்து, “பாருங்க, ஒரு தப்புகூட இல்ல. விஷயம் தெரிஞ்சவங்க பண்ணின மாதிரி இருக்கு” என்கிறாள். உன் புளுகுக்குப் பிழை திருத்திக் கொடுத்த பாவம் என் தலையில்.

என் சண்டையெல்லாம் ‘மூலிகைகள் மற்றும் பல’ என்ற வரியோடுதான். டப்பாவைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

“இதுல என்ன இருக்கு?” என்றார்.

“மற்றும் பல.”

“அப்படின்னா?”

“அதைத்தான் நானும் கேக்கறேன், டாக்டர்.”

“படபடப்பு வர்ற சரக்கையெல்லாம்கூட சில பேர் கலக்கறாங்க. என்னன்னு தெரியாம யாரும் சாப்பிட வேணாம்” என்றவர், என் கையைப் பார்த்தார். “ஏன் இப்படி நடுங்குது? உங்களையும் பார்த்துடலாமா?”

“எனக்கு இருக்கிற ஒரே வியாதி இந்த லேபிள்தான்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பின்னே? புது டப்பா வந்த நாளிலிருந்து நெஞ்சு திக்குதிக்கென்று அடித்துக்கொள்கிறது, ஓரிடத்தில் உட்கார இருப்புக் கொள்ளவில்லை. எல்லாம் உன்மேல் இருக்கிற கோபம். இந்த எழுத்து கோணல்மாணலாக இருப்பதும் அதனால்தான். உன் அக்காளிடம் நான் இன்னும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் தம்பி கட்சிதான் பேசுவாள்.

நான் விடுவதாக இல்லை. ஐந்து நாளுக்குள் என்னென்ன சரக்கு, என்ன அளவு, யாருக்கு ஆகாது என்று லேபிளில் அச்சடித்து, கடைகளில் இருக்கிற டப்பாக்களைத் திரும்ப எடு. இல்லையென்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நானே நடந்து போவேன். மனு தயார். அதில் ஒரு பிழை கிடையாது.

உனக்கும் உன் மனைவி மக்களுக்கும் என் ஆசிகள். எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பக்கவிளைவு அறவே இல்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் உன் அக்காள் இதை வாங்கிப் படித்தாள். “நான் எங்கங்க சாப்பிட்டேன்? எனக்கு அந்த வாசனையே ஆகாது. முட்டி வலிக்குதுன்னு முனகறீங்களேன்னு தினமும் உங்க காப்பியிலதான் கலக்கறேன். லேபிள்ல தப்பு இருந்தவரைக்கும் நானும் நம்பல, நீங்க திருத்தினதுக்கப்புறம்தான் நம்பினேன்” என்கிறாள். நான் இப்போது டாக்டரிடம் கிளம்புகிறேன். மேலே ‘உன் அக்காளுக்கு ஆபத்து’ என்று பொருள்படும் இடங்களிலெல்லாம் ‘உன் அத்தானுக்கு’ என்று திருத்திப் படிக்கவும். ‘ஐந்து நாள்’ என்பதை ‘இன்றே’ என்று திருத்தவும்.