ஜாடிக்கு நூறு

மூன்றாவது சொட்டு அயோடினும் பழுப்பு மாறாமல் குடுவைக்குள் அப்படியே நின்றபோது, அவள் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

நிறம் போயிருக்க வேண்டும். வைட்டமின் சி உள்ள மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து அயோடினைச் சொட்டினால் பழுப்பு காணாமல் போகும். போகவில்லை என்றால் உள்ளே வைட்டமின் இல்லை. குழந்தைகள் சப்பித் தின்கிற இந்த ஆரஞ்சு மாத்திரையை, ஆறு மாதத்துக்கு முன் இதே மேஜையில் சோதித்து, நிறம் போனதைக் கண்ணால் பார்த்து, 'தரமானது' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியவள் அவள்தான். பதினோராயிரம் பாட்டில்.

கம்பெனியில் அவளுக்கு 'டிகிரி' என்று பெயர். மேலாளர் வைத்தது. அதே கம்பெனியில் மூட்டை தூக்கியவரின் மகள் படித்துவிட்டு வந்து பரிசோதனைக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததை அவரால் வேறு எப்படியும் செரிக்க முடியவில்லை.

"என்ன டிகிரி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"சார், இந்த ஜாடி மாத்திரையில வைட்டமினே இல்ல."

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. "ஜாடியையா தொறந்த? உன்னை யாரு தொறக்கச் சொன்னது?"

ஒவ்வொரு முறை மாத்திரை தயாரிக்கும்போதும் அதில் நூறை எடுத்து ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, எண் ஒட்டி, அலமாரியில் பூட்டி வைப்பார்கள். பின்னால் புகார் வந்தால் எடுத்துப் பார்க்க. புகாரும் வந்ததில்லை, யாரும் பார்த்ததுமில்லை. மாதம் ஒருமுறை மேலாளர் உட்கார்ந்து எண்ணுவார். நூறு இருந்தால் பதிவேட்டில் 'சரி'. தரக் கட்டுப்பாடு அத்தோடு முடிந்தது. இந்தத் தடவை ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பழைய சரக்கின் வீரியம் குறையவில்லை என்று காட்டினால்தான் வாங்குவோம் என்று கேட்டுத் தொலைத்தது.

"நூறு இருக்குல்ல? 'சரி'ன்னு எழுதிட்டுப் போ."

"எண்ணிக்கை இருக்கு சார். உள்ளதான் ஒண்ணும் இல்ல."

"உன் அயோடின் கெட்டுப் போயிருக்கும்."

இருக்கலாம். புதிதாகக் கரைத்தாள். நிறம் போகவில்லை. எலுமிச்சம்பழம் வாங்கிவந்து பிழிந்து பார்த்தாள். ஒரே நொடியில் பழுப்பு பறந்தது. அயோடின் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு ஜாடி மட்டும் கெட்டிருக்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு அடுத்ததைத் திறந்தாள். அதுவும் அப்படியே. அலமாரியில் இருந்த ஐந்தையும் திறந்தாள். ஐந்திலும் பழுப்பு. ஐந்திலும் அவள் கையெழுத்து.

"சும்மா இருந்திருந்தா ஒண்ணோட போயிருக்கும்" என்றார் மேலாளர், கழுத்து வேர்வையைத் துடைத்தபடி. "தோண்டித் தோண்டி ஐம்பதாயிரம் பாட்டிலாக்கிட்ட."

அவளுக்கு அப்போதுதான் அக்கா மகன் ஞாபகம் வந்தது. உடனே ஃபோன் போட்டாள்.

"அக்கா, பையனுக்கு அந்த மாத்திரையைக் குடுக்காத."

"ஏன்டி? நீ கையெழுத்துப் போட்டதுன்னு பீத்திக்கிட்டுத்தானே குடுத்த? விஷமா?"

"விஷமில்லக்கா. உள்ள ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லாமலா இப்படிக் குதிக்கிறான்? இப்ப பீரோ மேல நிக்கிறான்."

"யார்கிட்டயும் சொல்லாத."

"நான் ஏன்டி சொல்றேன்?"

அக்கா யாரிடமும் சொல்லவில்லை. மகனுடைய வகுப்புத் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள். கால் மணி நேரத்தில் அது முதலாளியின் மருமகள் ஃபோனுக்கு வந்து சேர்ந்தபோது, மாத்திரையில் எலி மருந்து கலந்திருந்தது.

முதலாளி செருப்பைக்கூடக் கழற்றாமல் பரிசோதனைக்கூடத்துக்குள் வந்தார். கேட்டார். ஐந்து குடுவைகளையும் பார்த்தார். டிரைவரை ஓடவிட்டு, கடையிலிருந்து முதல் ஜாடியின் எண் போட்ட பாட்டில் ஒன்றை வாங்கிவரச் செய்தார்.

அவள் சொட்டுவிட்டாள். முதல் சொட்டு குடுவைக்குள் விழுந்த வேகத்தில் பழுப்பு மறைந்தது. அடுத்ததும், அதற்கடுத்ததும்.

"அவ்ளோதான் சார்!" மேலாளருக்குக் குரலே மாறிவிட்டது. "சரக்கு சுத்தம். இந்த ஜாடிங்களைக் கழுவிக் கவுத்துட்டா பிரச்சினை முடிஞ்சது."

அவளுக்கும் உயிர் வந்தது. ஒரு மூச்சு நேரந்தான்.

"இருய்யா" என்றார் முதலாளி. "கடை வெயில்ல கெடந்தது நல்லாருக்கு. நம்ம அலமாரிக்குள்ள பூட்டி வெச்சது மட்டும் எப்படிச் செத்துச்சு? யாரோ மாத்தியிருக்கான். சாவி யார்கிட்ட இருக்கு?"

மேலாளர் அவள் பக்கம் விரலை நீட்டினார்.

"டிகிரிகிட்டதான் சார்" என்றார் மேலாளர்.

"உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கே சார்!"

"என்னோடது எண்ணுறதுக்கு மட்டுந்தான் சார்."

முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். "எந்தக் கம்பெனிக்காரன் உன்னை அனுப்புனான்?"

"நானே மாத்தியிருந்தா, நானே எதுக்கு சார் சோதிச்சுப் பார்த்துச் சொல்லப்போறேன்?"

"அதான் சார் படிச்சவ புத்தி" என்றார் மேலாளர். "முந்திக்கிட்டுத் தானே சொல்லிட்டா சந்தேகம் வராதுல்ல?"

அவளுக்கு வயிறு முழுக்கக் கோபம் இருந்தது. பயம் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஊரே பேசும். மூட்டை தூக்கிப் படிக்கவைத்த அப்பா நாளைக்குக் காவல் நிலைய வாசலில் நிற்பார், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு. பார்க்கிற இடத்திலெல்லாம் அந்தத் துண்டே தெரிந்தது.

"போலீஸைக் கூப்பிடறேன். ஜாடியெல்லாம் மூட்டை கட்டு."

"போலீஸ் எதுக்கு சார்? கம்பெனி பேரு நாறிடும். இவளை இப்பவே அனுப்பிட்டு, ஜாடியை உடைச்சுக் குப்பையில போட்டுடலாம்."

"கட்டுய்யான்னா கட்டு!"

மேலாளர் துணியை விரித்து ஜாடிகளை ஒவ்வொன்றாக வைத்தார். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலாளி எண்ணை அழுத்தி ஃபோனைக் காதில் வைத்தார். மறுமுனையில் மணி அடிப்பது அவளுக்குக் கேட்டது.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, கம்பெனியைக் கூட்டிப் பெருக்குகிற ஆயா வந்தாள். ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கையில் காகிதப் பொட்டலம். மூட்டையைப் பார்த்ததும் ஆயாவின் முகம் வாடிப்போனது.

"என்ன மேனேஜர் சார், ஜாடியெல்லாம் கட்டிட்டீங்க? உங்க பேரப்பிள்ளைங்களுக்கு நீங்க எடுத்துட்டுப் போற மாத்திரைக்குப் பதிலா, நூறு குறையாம ரொப்பி வைக்கன்னு வாங்கியாரச் சொன்ன ஆரஞ்சு மிட்டாயை நான் இப்ப எதுல கொட்டறது?"