மனித இருப்பு: பதினோரு நிமிடம்

உலகத்தைக் காப்பாற்றும் திருப்பணி ஒரு பழைய பஞ்சு நூல் கிடங்கில்தான் தொடங்கியது என்று வருங்காலம் சொல்லும். குடிநீர் அலுவலகத்தார் அந்தக் கிடங்கை இடிக்கவில்லை. சுவரைச் சுரண்டிச் செங்கல்லைக் காட்டினார்கள். கதவுகளைப் படுக்கப் போட்டு மேசை என்றார்கள். ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்குகளை மாட்டி, 'பசுமை அலுவலகம்' என்று திறந்தும் வைத்துவிட்டார்கள்.

அங்கே புகார் மனுக்களைப் படிப்பவளுக்கு மனு அக்கா என்றே பெயராகிவிட்டது. ஆடாமல் அசையாமல் வரிவரியாகப் படிப்பாள். 'குழாயில் காற்றுதான் வருகிறது' என்ற வரிக்கு வரும்போது விளக்கு அணையும். கையை வீசுவாள், எரியும். அடுத்த மனுவில் மறுபடி இருட்டு. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கை தானாக வீச ஆரம்பித்தது.

"யாருக்கும்மா டாட்டா காட்டுற? நான் இன்னும் கிளம்பவே இல்லையே!" என்றார் கணவர்.

மூன்றாம் மாதம், விளக்குகள் தினமும் எரிந்த நேரத்தைக் கணக்கிட்டு ஓர் ஆணை வந்தது. சுழல் நாற்காலிகள் நாள் முழுக்கச் சுற்றும் கூட்ட அறையில் 'மனித இருப்பு' ஒன்பது மணி நேரம். மனுப் பிரிவில் பதினோரு நிமிடம். ஆகவே 'ஆளில்லாத' அந்தப் பிரிவு நாளையோடு மூடப்படும்.

மேலாளரிடம் ஓடினாள்.

"பதினாறு வருஷமா தினமும் உட்கார்ந்து படிக்கிறேன் சார்!"

"உட்கார்ந்தீங்க, சரி. அசைஞ்சீங்களா?" மேலாளர் நாற்காலியில் ஓர் அரைவட்டம் போட்டார்.

"அதையெல்லாம் படிச்சா மனசுதான் சார் அசையுது."

"மனசு அசையறதைக் கண்டுபிடிக்கிற கருவி இன்னும் வரலையேம்மா. வந்தா முதல்ல நாமதான் மாட்டுவோம்."

"அப்ப என் வேலை?"

"ஆட்சேபம் இருந்தா மனுவா எழுதிக் குடுங்க. முறைப்படி பரிசீலிப்பாங்க."

"யாரு சார்?"

"மனுப் பிரிவுதான்."

"அதைத்தான் நாளைக்கு மூடுறீங்களே!" இரண்டு கையையும் விரித்துக் கத்தினாள்.

மேலாளர் உருகிப்போனார். "பாருங்க, எவ்வளவு அழகா கையை வீசுறீங்க! இதை முன்னாடியே செஞ்சிருக்கக் கூடாதா?"

மனு அக்கா வீட்டுக்குப் போனாள். கட்டடத்துக்கு விருது வந்தது. மனுப் பிரிவில் ஒரு யூனிட் மின்சாரம்கூடச் செலவாகவில்லை என்று பாராட்டுரை தனியாகவே குறிப்பிட்டது. முழு உண்மை. பூட்டிய கதவின் இடுக்கில் ஊரார் தள்ளிவிட்டுப் போகும் மனுக்களும் அப்படித்தான். ஒன்றுகூடச் செலவாகாமல், உறைகூடப் பிரிக்கப்படாமல், வருங்காலச் சந்ததிக்காகப் பத்திரமாகச் சேமிக்கப்பட்டு வருகின்றன.